உண்டியலில் விழுந்த சபதம்

1661 டிசம்பர் 31. லண்டனில் சீதிங் லேன் என்ற தெருவில், கடற்படை அலுவலகத்தை ஒட்டிய வீட்டில், 28 வயது அதிகாரி ஒருவர் நாட்குறிப்பைத் திறந்து அந்த ஆண்டின் கணக்கை முடிக்கிறார். உடல்நலம் எப்படி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கையில் மிச்சம் எவ்வளவு, ஊரில் அரசியல் எப்படி என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். நடுவே ஒரு செய்தி. மதுவும் நாடகமும் இனி வேண்டாம் என்று அண்மையில் கடவுள் மேல் ஆணையிட்டிருக்கிறார். அந்த ஆணையைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருப்பதாகவும், எழுத்துப் பிசகாமல் காப்பாற்றப் போவதாகவும் குறித்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

மறுநாள் ஜனவரி 1. திடுக்கிட்டுக் கண்விழித்ததில் அவருடைய முழங்கை பக்கத்தில் படுத்திருந்த மனைவியின் மூக்கில் பலமாக இடித்துவிட்டது. புத்தாண்டு இப்படித் தொடங்கியது. பகலில் வண்டியில் போகும்போது, அன்றைக்கு 'தி ஸ்பானிஷ் க்யூரேட்' நாடகம் நடக்கிறது என்று கண்ணில் பட்டது. இறங்கிவிட்டார். மனைவியையும் சக அதிகாரியின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரங்குக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் வில்லியம் பென். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர்.

அதிகாரியின் பெயர் சாமுவேல் பெப்பிஸ். எழுத்துக் கூட்டிப் படித்தால் பெப்பிஸ். ஆங்கிலேயர் வாயில் அது பீப்ஸ். தையற்காரரின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். பதவியின் பெயரில் 'கிளார்க்' என்று இருந்தாலும் கடற்படை வாரியத்தில் உறுப்பினர். ஆண்டுச் சம்பளம் 350 பவுண்ட். 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு ஆறு தொகுதிகளாகக் கேம்பிரிட்ஜ் மாக்டலன் கல்லூரியில் இருக்கிறது. புத்தாண்டுச் சபதம் எடுத்த ஒரு மனிதன் அதை எப்படிக் காத்தான், எப்படி உடைத்தான், உடைத்ததை மனசாட்சிக்கு எப்படிச் சமாதானம் சொன்னான் என்று நாள்வாரியாகப் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

அவர் நாடகத்துக்கு ஏன் அப்படி ஏங்கினார் என்பதற்கும் காரணம் உண்டு. 1642இல் கடும் சமய ஒழுக்கம் பேசிய பியூரிட்டன்கள் கை ஓங்கிய நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. பெப்பிஸுக்கு அப்போது ஒன்பது வயது. 1660இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி ஆட்சியேற்றதும் அரங்குகள் திறந்தன. அதுவரை பெண் வேடம் கட்டிய பையன்களின் இடத்துக்கு நடிகைகள் வந்தார்கள். மேடையில் பெண்களை முதன்முதலாகப் பார்த்ததை 1661 ஜனவரி 3 அன்று அவரே குறித்திருக்கிறார். இளமை முழுக்கப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தால் யாருக்குத்தான் கால் நிற்கும்?

மது விஷயத்தில் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. விட்டதிலிருந்து உடம்பு தேவலை, வேலையில் கவனம், செலவும் குறைவு என்று ஜனவரி 26 அன்று மகிழ்ந்து எழுதுகிறார். பிப்ரவரி 17: உடம்பு சரியில்லை, குடிக்காததால்தான் இப்படி என்று சொல்லிக் குடித்துவிட்டார். மார்ச் 1: 'ரோமியோ ஜூலியட்' பார்த்து, வாழ்நாளில் கேட்ட நாடகங்களிலேயே மோசமானது இதுதான் என்று தீர்ப்பெழுதினார். சபதம் முறிந்த எரிச்சலில் ஷேக்ஸ்பியர் மாட்டிக்கொண்டாரோ என்னவோ.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 3 அன்று, கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். கையிருப்பு 500 பவுண்டுக்கு மேல் தேறவில்லை என்று கண்டதும் பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவர் செய்த காரியம் முக்கியமானது. செலவுக்கு விதிகள் எழுதி, கடவுள் முன்னிலையில் ஆணையிட்டு, மீறினால் இவ்வளவு அபராதம் என்பதையும் அதிலேயே சேர்த்தார். அபராதக் காசு ஏழைகள் உண்டியலுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது வழக்கமாயிற்று.

நம் ஊர்களில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்களே, அதற்கு இது தூரத்து உறவு. ஆனால் திசை வேறு. நேர்த்திக்கடனில், கேட்டது கிடைத்தால் காசு கோயிலுக்குப் போகும். பெப்பிஸ் கணக்கில், சொன்னது தவறினால் காசு உண்டியலுக்குப் போகும். அங்கே கடவுள் கொடுப்பவர், இங்கே சாட்சி.

இன்னொன்று, அவர் எதையும் ஆயுள் முழுக்க விடுவதாகச் சொல்லவில்லை. கெடு வைத்தார். இங்கிலாந்தில் வாடகை, குத்தகை, கூலி எல்லாம் ஆண்டில் நான்கு நாட்களில் தீர்க்கப்பட்டன: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. அவருடைய ஆணையும் குத்தகைச் சீட்டு மாதிரி இந்த நாட்களை ஒட்டியே ஓடியது. 1662 கோடையில் எடுத்த ஆணை செப்டம்பர் 29, மிக்கேல் அதிதூதர் திருநாள் வரை.

அந்தக் கோடையில் ஆணை நின்றது. நின்றதோடு வேலையும் நடந்தது. மாலைகள் காலியாக இருக்கவே அதிகாலையில் எழுந்து மர அளவை, கயிற்றின் தரம், கப்பலின் உறுப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கடற்படைக்கு மரமும் கயிறும் விற்பவர்கள் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டுமே. ஜூலை 4 அன்று 'ராயல் சார்லஸ்' கப்பலில் பணிபுரிந்த கூப்பர் என்பவரிடம் பாடம் தொடங்கினார். பாடம் என்ன? பெருக்கல் வாய்ப்பாடு. கேம்பிரிட்ஜ் பட்டதாரி, 29 வயது, நாட்டின் கடற்படைக் கணக்கைப் பார்ப்பவர், விடியற்காலையில் எழுந்து வாய்ப்பாடு மனப்பாடம் செய்தார். அந்தக் காலப் பல்கலைக்கழகம் லத்தீன் சொல்லிக்கொடுத்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 29 வந்தது. ஆணை முடிந்தது; இன்று ஒரு நாள் சுதந்திரம், நாளை முதல் திரும்பவும் கட்டுப்பாடு என்று எழுதிவிட்டு, மதுவும் அருந்தி, அரங்குக்குப் போனார். நான்கு மாதப் பசியோடு போனவருக்கு அன்று கிடைத்தது 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. பிடிக்கவில்லை. இனி ஒருபோதும் பார்க்க மாட்டேன் என்று எழுதினார். மறுபடியும் ஷேக்ஸ்பியர்.

ஆண்டுகள் போகப் போக ஆணைப் பத்திரம் நீண்டது. 1664 ஜனவரி 2 அன்று எழுதியதைப் பார்த்தால் வக்கீல் எழுதிக் கொடுத்தது போல இருக்கும். பொது அரங்குகளில் மாதத்துக்கு ஒரு நாடகத்துக்கு மேல் இல்லை. அதுவும் மொத்தம் 50 ஷில்லிங் செலவாகும் வரைதான். அதற்குப் பிறகு அடுத்த புத்தாண்டு வரை கிடையாது. ஆனால் அதற்குள் சொத்து 1000 பவுண்டை எட்டிவிட்டால் நிபந்தனைகளை மாற்றிக்கொள்ளலாம். ஆசையைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்ட மனிதர்!

பத்திரம் நீண்டால் ஓட்டைகளும் கூடும். 1663 அக்டோபர் 29, லண்டன் மேயர் விருந்து. இலவங்கப்பட்டை, சர்க்கரை எல்லாம் சேர்த்த ஹிப்போக்ராஸ் என்ற மதுவைப் பரிமாறினார்கள். பெப்பிஸ் குடித்தார். அது கலவைப் பானம்தானே, மது இல்லையே என்று தன் அறிவுக்கு எட்டியவரை தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். 1664 ஆகஸ்ட் 13 அன்று இதைவிட நயமான வழி. தன் காசில்தானே நாடகம் பார்க்கக் கூடாது? நண்பர் கிரீட் கூட்டிக்கொண்டு போனால்? கிரீட் கையில் பணத்தைக் கடனாகக் கொடுத்து, தன்னையும் மனைவியையும் நாடகத்துக்கு அழைத்துப் போகச் செய்தார். வீடு திரும்பி இது ஏமாற்று என்று ஒப்புக்கொண்டு, இனி இந்தத் தந்திரத்தைச் செய்ய மாட்டேன் என்று இன்னோர் ஆணையும் இட்டார்.

சிரிக்கலாம். ஆனால் ஓட்டை தேடுகிறவன், சுவர் இருப்பதை நம்புகிறவன்தான். அந்த ஆண்டு முடிவில் அவர் சொத்துக் கணக்கு 1300 பவுண்டைத் தாண்டியிருந்தது. நாட்குறிப்பு எழுதிய காலத்தில் 300 தடவைக்கு மேல் நாடகம் பார்த்தார் என்பதும் உண்மை.

இதிலெல்லாம் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கால இங்கிலாந்தில் சட்டப்படி ஜனவரி 1 புத்தாண்டே இல்லை. ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. மக்கள் ஜனவரி முதல் நாளைப் புத்தாண்டு என்று பரிசு கொடுத்துக் கொண்டாடினார்கள். அரசு ஏடுகளில் அது பழைய ஆண்டின் இன்னொரு நாள். இதனால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் 1661/62 என்று இரட்டை ஆண்டு போடும் வழக்கம் இருந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பழைய பதிவேடுகளிலும் இந்த இரட்டை எண்ணைப் பார்க்கலாம். 1752இல்தான் ஜனவரி 1 சட்டப்படியும் புத்தாண்டானது. அதற்காக 1751ஆம் ஆண்டை 282 நாட்களோடு வெட்டி முடித்தார்கள். சபதத்துக்குப் புது ஆண்டு வேண்டும் என்கிறோம். பெப்பிஸ் எடுத்த சபதங்களோ சட்டத்தின் கண்ணில் பழைய ஆண்டிலேயே எடுக்கப்பட்டவை.

ஜனவரி முதல் நாளுக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது ரோம். கி.மு. 153 முதல் ரோமின் ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் அந்த நாளில்தான் பதவியேற்றார்கள். குடியரசைக் காத்தால் இன்ன பலி தருகிறோம் என்று தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும், போன ஆண்டு நேர்ந்ததைச் செலுத்துவதும் அன்றைய சடங்கு. அது தனி மனிதனின் சபதம் இல்லை. ஊர்ப் பொது நேர்ச்சை. சாதாரண மக்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதைக் கவிஞர் ஓவிட் பதிந்திருக்கிறார். அத்திப்பழமும் தேனும் கொடுத்துக்கொண்டார்கள். விடுமுறை என்று சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஆள் தத்தம் தொழிலில் கொஞ்சம் கை வைத்துவிட்டு வந்தார்கள். முதல் நாள் சோம்பினால் ஆண்டே சோம்பிவிடும் என்பது கணக்கு.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குச் சித்திரை முதல் நாளில் நல்லேர் பூட்டுவது நினைவுக்கு வரும். மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, ஏரைப் பூட்டி, நாலு சால் ஓட்டிவிட்டு வருவார்கள். விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். யாழ்ப்பாணத்தில் நல்ல நேரம் பார்த்துப் பெரியவர்கள் கையால் கைவிசேடக் காசு வாங்குவதும் இதே வகை. ரோமிலும் சரி, சித்திரையிலும் சரி, யாரும் எதையும் செய்வேன் என்று சொல்வதில்லை. ஒரு பிடி செய்து காட்டுகிறார்கள். வரும் ஆண்டுக்கு அதுவே மாதிரி.

அப்படியானால் 'செய்வேன்' என்ற வாக்கு எங்கே புகுந்தது? பெரும்பகுதி தேவாலயத்தில். பெப்பிஸ் பியூரிட்டன்களைக் கேலி செய்தாலும், ஆன்மாவுக்கும் பற்றுவரவு எழுதும் பழக்கம் அவர்களுடையதுதான். அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றத்தில் ஜோனாதன் எட்வர்ட்ஸ் என்ற இளம் போதகர் அதை உச்சிக்குக் கொண்டுபோனார். 1722, 23இல், சுமார் 19 வயதில், 70 தீர்மானங்கள் எழுதினார். வாரம் ஒருமுறை அத்தனையையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் தனக்கு இட்ட கட்டளை. 1723 ஜனவரி 2 அன்று, மனம் மந்தமாக இருக்கிறது, கடவுளின் ஆவி அசைக்காவிட்டால் தீர்மானம் போட்டு ஒரு பயனும் இல்லை என்று நாட்குறிப்பில் அலுத்துக்கொள்கிறார். ஜனவரி இரண்டாம் தேதிச் சோர்வுக்கு இவ்வளவு வயது.

அவர் காலத்தவரான பெஞ்சமின் பிராங்க்ளின் கடவுளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார். 13 நற்குணங்கள், சிறு புத்தகம், பக்கத்துக்கு ஏழு நாட்களின் கட்டங்கள், தவறினால் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. அதன் பிறகு தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் கோடு போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பொருட்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் கடைசிவரை அவருக்கு வரவேயில்லை. இதை எழுதியதும் அவரேதான்.

கூட்டமாக வாக்குக் கொடுப்பதை வழிபாடாக்கியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவுகளைச் சாராயக்கடையில் கழித்தவர்கள். மனம் மாறியதும் அதே இரவைப் பிரார்த்தனையில் கழித்தார்கள். வெஸ்லி அதைத் தடுக்காமல், மாதத்துக்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் வைக்கச் சொன்னார். நள்ளிரவுக்கு மேல் நடந்து வீடு போக நிலா வெளிச்சம் வேண்டுமே. அந்த விழிப்பு இரவுதான் பின்னால் டிசம்பர் 31இல் வந்து நிலைத்தது. 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுமார் 1800 பேர் எழுந்து நின்று, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். நாளடைவில் அதுவும் ஆண்டுத் தொடக்கத்துக்கு நகர்ந்தது. பெப்பிஸின் தாள் மேசை அறைக்குள் இருந்தது. இங்கே பக்கத்தில் நிற்பவன் காதில் விழும்படி வாக்கைச் சொல்ல வேண்டும்.

1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையில் காலியில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். உடன்படிக்கை ஆராதனை அப்படித்தான் தமிழுக்கு வந்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயிலுக்குப் போவதும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் இரவு வழிபாட்டிலிருந்து கிளைத்தது. ஆனால் இங்கே ஒன்று தலைகீழானது. அந்த ஆராதனையில் பலர் ஆவலோடு காத்திருப்பது வாக்குத்தத்த வசனத்துக்கு. சீட்டு எடுப்பதோ, போதகர் அறிவிப்பதோ, அந்த ஆண்டுக்கான வேத வசனம் கையில் கிடைக்கிறது. அதை வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்துகிறார்கள். மனிதன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, இங்கே கடவுள் மனிதனுக்குக் கொடுக்கும் வாக்காகிவிட்டது. மீறக்கூடிய கட்சி மாறிப் போனதால் அபராதத்துக்கு வேலையில்லை.

19ஆம் நூற்றாண்டில் சாட்சியும் போனது, உண்டியலும் போனது. 1812இல் லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சில் கடை வைத்திருந்த ஜான் லெட்ஸ், தேதி அச்சிட்ட டைரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆண்டு முழுக்க வெறுமையாக முன்னால் விரிந்து கிடக்க, அதில் எழுதும் ஆசையும் விலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்று பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று, புத்தாண்டுத் தீர்மானத்தை நம்பி டிசம்பர் முழுக்கப் பாவம் செய்கிறவர்களைக் குத்திக் காட்டியது. அரை நூற்றாண்டில், 1863இல், நெவாடாவின் பத்திரிகை ஒன்றில் மார்க் ட்வைன் அதை முழு நகைச்சுவையாக்கிவிட்டார். தனக்குத்தானே எடுத்து, தனக்குள்ளேயே உடைக்கும் சபதம் கேலிக்குச் சௌகரியமானது. நம் வீடுகளில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பழைய டைரிகளைப் புரட்டினாலும் இதே சரித்திரம்தான்: முதல் வாரம் அழகான கையெழுத்து, அதற்குப் பிறகு பால் கணக்கு.

கேலியை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தவர் அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் நார்கிராஸ். 1980களில் 200 பேரைப் பின்தொடர்ந்தார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்தும் நிலைத்தவர்கள் 19 சதவீதம். பிறகு 2002இல் வெளியான ஆய்வில், மாற வேண்டும் என்று விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களையும் சேர்த்துப் பார்த்தார். ஆறு மாத முடிவில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் வென்றிருந்தார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம். முதல் கணக்கைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

பெப்பிஸின் உண்டியல் திரும்பி வந்தது பிலிப்பைன்ஸில். மிண்டனாவோ தீவில் வங்கியொன்றோடு சேர்ந்து பொருளியலாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. புகைபிடிப்பவர் தன் பணத்தைக் கணக்கில் போட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சிறுநீரில் நிகோட்டின் இல்லாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். இருந்தால் தர்மத்துக்குப் போய்விடும். இப்படியொரு கணக்கு உண்டு என்று சொல்லப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். ஆனாலும் அந்த வாய்ப்புத் தரப்பட்ட கூட்டத்தில், தரப்படாத கூட்டத்தைவிட மூன்று சதவீதப் புள்ளி கூடுதலானோர் பரிசோதனையில் தேறினார்கள். ஓராண்டு கழித்து முன்னறிவிப்பில்லாமல் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. ஹிப்போக்ராஸ் மதுவா கலவையா என்று அங்கே யாரும் வாதாட முடியாது, தீர்ப்பு சோதனைக்கூடத்துடையது.

பெப்பிஸ் பின்னாளில் பெரிய பதவிகளுக்குப் போனார். கடற்படைத் துறைச் செயலர், ராயல் சொசைட்டியின் தலைவர். நியூட்டனின் 'பிரின்சிபியா' முகப்பில் அச்சுக்கு அனுமதி தந்தவராக இருக்கும் பெயர் அவருடையதுதான். கண் கெட்டுவிடும் என்ற பயத்தில் 1669 மே 31 அன்று நாட்குறிப்பை நிறுத்தினார். 1703இல் இறந்தபோது விட்டுச் சென்ற சுமார் 3000 புத்தகங்கள், அவர் செய்வித்த அதே அலமாரிகளில், அவர் சொன்ன வரிசையில், கல்லூரியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வாசித்த அந்த ஆணைத் தாள்கள் மட்டும் அங்கே இல்லை.